கேட்டவருக்கும் பின்னால் வருபவருக்கும் நடுவே

நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் விம் என்ற எடிட்டருக்குள் போவது எளிது. வெளியே வருவதுதான் புதியவருக்குப் பெரும்பாடு. எழுதும் நிலையில் இருக்கும்போது வெளியேறும் கட்டளையைத் தட்டினால், அதுவும் கோப்புக்குள் எழுத்தாகவே விழும். முதலில் எஸ்கேப் விசையை அழுத்த வேண்டும் என்று தெரியாதவர் மாட்டிக்கொண்டு தவிப்பார். 2012-ல் அப்படித் தவித்த ஒருவர், விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேட்டார். அந்தப் பக்கம் பார்க்கப்பட்ட தடவைகள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன என்று 2017 மே மாதம் அந்நிறுவனம் அறிவித்தது.

கேட்டவர் ஒருவர். அந்த ஒருவருக்குப் பதில் கிடைத்த நாளிலேயே அவருடைய வேலை முடிந்துவிட்டது. மற்றவர்கள் பெரும்பாலும் தேடுபொறியில் தேடி, அந்தப் பக்கத்தில் வந்து இறங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு போனவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வார்த்தை எழுதியதில்லை, ஓட்டுப் போட்டதில்லை. ஒரு கேள்வி-பதில் தளம் யாருக்காக இயங்குகிறது? கேட்டவருக்காகவா, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வரும் இந்தப் பெருங்கூட்டத்துக்காகவா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நடந்த சண்டைகள், மனக்கசப்புகள், வேலைநிறுத்தம், சரிவு எல்லாவற்றையும் அடியில் தோண்டிப் பார்த்தால் இந்தக் கேள்விதான் தட்டுப்படுகிறது.

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இரு அமெரிக்க நிரலாளர்கள் 2008 செப்டம்பரில் இத்தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதற்கு முன்பு நிரலாளர்கள் பதில் தேடிப் போன இடங்கள் இரண்டு வகை. ஒன்று, விவாத மன்றங்கள். அங்கே ஒரு கேள்விக்கு விடை தேட 10 பக்கம் உரையாடலைப் படிக்க வேண்டும். நடுவே வாழ்த்து, வம்பு, கிளைப்பேச்சு. கடைசியில் கேட்டவரே வந்து "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதியிருப்பார், எப்படிச் சரியானது என்று சொல்லியிருக்க மாட்டார். இன்னொன்று, எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் போன்ற கட்டணத் தளங்கள். தேடலில் கேள்வி தெரியும், பதிலைப் பார்க்கக் காசு கட்ட வேண்டும்.

இரண்டுக்கும் மாற்றாக அவர்கள் செய்த முடிவுகளில் வாக்கெடுப்பைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நல்ல பதில் மேலே ஏறும், மோசமானது கீழே இறங்கும். ஆனால் எனக்கு அதைவிடத் துணிச்சலாகத் தெரிவது வேறொன்று: யார் எழுதியதையும் மற்றவர்கள் திருத்தலாம் என்ற ஏற்பாடு. அது விக்கிப்பீடியாவிலிருந்து வந்தது. எழுதப்படும் அனைத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியாகும். எழுதியவர் பெயர் இருக்கும், ஆனால் எழுத்து எல்லோரும் எடுத்தாளக்கூடியது. கலைக்களஞ்சியக் கட்டுரையில் பிறர் கைவைப்பதை ஏற்பது எளிது, அங்கே ஆசிரியர் பெயர் முகப்பில் இல்லை. இங்கே என் பெயரும் படமும் போட்ட பதிலுக்குள் முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்து வாக்கியத்தை மாற்றுகிறார். பழைய வடிவமும் புதிய வடிவமும் சிவப்பு, பச்சை வண்ணங்களில் வரலாற்றுப் பக்கத்தில் அருகருகே நிற்கும். பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திருப்பலாம். ஆனால் திரும்பத் திரும்பத் திருப்பிக்கொண்டிருந்தால் பதிவைப் பூட்டிவிடுவார்கள்.

திருத்துவது என்றால் என்ன என்பதை அருகில் வைத்துப் பார்ப்போம். தலைப்பில் "அவசரம்! பைத்தான் கோட் சரியாக வேலை செய்யவில்லை" என்று ஒரு கேள்வி வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வணக்கம், தான் மாணவர் என்ற அறிமுகம், நாளை காலை ஒப்படைக்க வேண்டும் என்ற வேண்டுதல், 80 வரி நிரல், முடிவில் முன்கூட்டிய நன்றி. பொறுமையாகப் படிக்கும் ஒருவர் அந்த 80 வரியில் 4 வரிதான் விஷயம் என்று கண்டுபிடிக்கிறார். 2, 4, 6, 8 என்ற பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, இரட்டை எண்ணாக இருந்தால் நீக்கு என்று மாணவர் எழுதியிருக்கிறார். எல்லாம் காலியாக வேண்டும். ஆனால் 4, 8 மிஞ்சுகின்றன. 2-ஐ நீக்கியதும் 4 முதலிடத்துக்கு நகர்ந்துவிடுகிறது, சுற்றோ இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. எனவே 4 தப்பிக்கிறது. அதேபோல் 8-உம்.

திருத்துபவர் இப்போது தலைப்பை மாற்றுகிறார்: "பட்டியலைச் சுற்றிவரும்போதே அதிலிருந்து நீக்கினால் சில உறுப்புகள் விடுபடுவது ஏன்?" 80 வரியை 4 வரியாக்குகிறார். கிடைத்த விடையையும் எதிர்பார்த்த விடையையும் தனித்தனியே எழுதுகிறார். நிரலை நிரல்போல் தெரியும்படி கட்டம் போடுகிறார். வணக்கத்தையும் நன்றியையும் எடுத்துவிடுகிறார். இவர் ஒரு பதிலும் சொல்லவில்லை. ஆனால் இதே தவறைச் செய்துவிட்டு அடுத்த ஆண்டு தேடப்போகும் ஒருவர் தட்டச்சு செய்யும் சொற்கள் இந்தப் புதிய தலைப்பில்தான் இருக்கின்றன. பதில் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பழைய தலைப்பின் கீழ் கிடந்தால் அது யாருக்கும் கிடைக்காது. பதிலளிப்பவருக்கு இணையான உழைப்பு இது என்றே நான் கருதுகிறேன்.

வணக்கத்தையும் நன்றியையும் நீக்குவது சிறிய விஷயம்போலத் தெரியும். தளத்தில் பல ஆண்டுகள் நடந்த வாதம் அது. திருத்துவோர் தரப்பு: பின்னால் வரும் ஆயிரம் பேர் ஒவ்வொருவரும் இந்த வணக்கத்தைத் தாண்டித்தான் விஷயத்துக்கு வர வேண்டும்; தேடல் முடிவில் காட்டப்படும் முதல் வரியும் அதுவாகவே இருக்கும். இது நியாயம். ஆனால் இந்தியாவிலிருந்து எழுதுவோர் இத்தளத்தில் பெருந்தொகையினர். நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் கருத்தாய்வுகளில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் பெரும்பாலும் இந்தியாதான் வந்திருக்கிறது. தெரியாத பெரியவரிடம் உதவி கேட்கும்போது வணக்கம் சொல்லாமல் தொடங்குவது நமக்கு மரியாதைக் குறைவு. அந்த வரியைக் காரணம் சொல்லாமல் ஒருவர் வெட்டும்போது, வெட்டப்பட்டது தன் பண்பு என்றே கேட்டவருக்குத் தோன்றும். போர்ச்சுகீசியம், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனித் தளங்கள் உருவாயின. இந்திய மொழி எதிலும் இல்லை. ஆகவே நம்மவர்கள் இரண்டாம் மொழியில் கேட்டு, இரண்டாம் மொழியில் வெட்டுப்பட்டார்கள்.

திருத்தும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடையாது. பதிலுக்கு ஒரு ஆதரவு ஓட்டு விழுந்தால் 10 புள்ளி. கேட்டவர் ஏற்றுக்கொண்டால் 15. புள்ளி சேரச் சேர உரிமை கூடும். 15 புள்ளிக்கு ஆதரவு ஓட்டு, 125-க்கு எதிர் ஓட்டு, 2,000-க்கு யாருடைய ஒப்புதலும் இல்லாமல் திருத்தும் உரிமை, 3,000-க்குக் கேள்வியை மூட வாக்களிக்கும் உரிமை, 10,000-க்கு நீக்கப்பட்ட பதிவுகளைப் பார்க்கும் உரிமை. 2,000-க்குக் கீழே உள்ளவர் திருத்தத்தை முன்மொழியலாம். மற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் 2 புள்ளி கிடைக்கும்.

இந்த அட்டவணையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். திருத்தத்துக்குப் புள்ளி, 2,000 வரைதான். நன்றாகத் திருத்தத் தெரிந்த, தளத்தின் போக்கறிந்த அனுபவசாலிக்கு அதன்பின் ஒன்றும் கிடையாது. 80 பதிவைத் திருத்தினால் ஒரு பதக்கம், 500 திருத்தினால் இன்னொன்று, அவ்வளவே. பதில் எழுதுபவருக்கோ ஒவ்வொரு ஓட்டுக்கும் 10. அதிலும் யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்களுக்கே ஓட்டு. மேலே சொன்ன பட்டியல் கேள்வி ஆயிரமாவது முறையாக வந்தால், பழைய கேள்வியைத் தேடி இணைப்பவருக்குப் புள்ளி இல்லை. இரண்டு நிமிடத்தில் மூன்று வரிப் பதிலைத் தட்டிவிடுபவருக்கு 30, 40 புள்ளி. தளம் எதை விரும்புவதாகச் சொன்னதோ அதற்குக் கூலி தரவில்லை. எதைக் குறைக்க வேண்டும் என்றதோ அதற்குக் கூலி தந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் அடிப்படைக் குறை எது என்று என்னைக் கேட்டால், பலரும் சொல்லும் முரட்டுத்தனத்தைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். முரட்டுத்தனம் இதன் பின்விளைவு.

தொடக்க ஆண்டுகளில் இந்தக் குறை தெரியவில்லை. 2011-ல் லேனா மமிகினாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கேள்விகளில் 92 சதவீதத்துக்கு மேல் பதில் கிடைப்பதையும், முதல் பதில் வருவதற்கான இடைநிலை நேரம் 11 நிமிடம்தான் என்பதையும் கண்டார்கள். வேகம்தான் தளத்தின் வியப்பு. அடுத்த ஆண்டே ஆஷ்டன் ஆண்டர்சன், ஜான் கிளைன்பெர்க் முதலானோர் வேறொன்றைக் கவனித்தார்கள்: இதுபோன்ற தளங்களின் நோக்கம், கேட்டவரின் தேவையைத் தீர்ப்பதிலிருந்து, நெடுங்காலம் பலருக்குப் பயன்படும் பொது அறிவைச் சேர்ப்பதை நோக்கி நகர்ந்திருக்கிறது. வேகம் கேட்டவருக்கானது. சேகரம் பின்னால் வருபவருக்கானது. இரண்டையும் ஒரே புள்ளிக் கணக்கில் அடக்கியதில்தான் சிக்கல் முளைத்தது.

கேள்வியை மூடுவது என்பதும் இந்த இடத்தில்தான் வருகிறது. மூடுவதாலேயே கேள்வி அழிந்துவிடுவதில்லை. அதற்குப் புதிய பதில் எழுத முடியாது, அவ்வளவே. ஏற்கெனவே கேட்கப்பட்டது, தெளிவில்லை, ஒரே கேள்வியில் பல கேள்விகள், கருத்தைப் பொறுத்தது, இத்தளத்துக்கு உரியதல்ல என்பவை காரணங்கள். முதலில் 5 பேர் வாக்களிக்க வேண்டியிருந்தது. 2019-ல் அதை 3 ஆக்கினார்கள். ஒரு துறைக் குறிச்சொல்லில் தங்கப் பதக்கம் பெற்றவர், ஏற்கெனவே கேட்கப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும், 2014 முதல் தனியாளாகவே மூடிவிடலாம். திருத்திச் செம்மைப்படுத்தினால் கேள்வி மீண்டும் திறக்கப்படலாம் என்பதுதான் கொள்கை. நடைமுறையில், மூடியதும் பெரும்பாலான புதியவர்கள் திரும்பி வரவில்லை.

ஜாவா மொழியில் 'நல் பாயின்டர்' பிழை இதற்குச் சரியான உதாரணம். ஒன்றையும் சுட்டாத ஒரு மாறியைப் பொருள்போலப் பயன்படுத்தினால் நிரல் இந்தப் பிழையோடு நின்றுவிடும். அது என்ன, எப்படிச் சரிசெய்வது என்று 2008-லேயே ஒரு கேள்வி வந்தது. அதன் பதில்கள் பலர் கைபட்டு மெருகேறி, பாடநூல் அத்தியாயம்போல் ஆகிவிட்டன. அதன்பிறகு வந்த ஆயிரக்கணக்கான கேள்விகள் அதன் நகல் என்று மூடப்பட்டன. பின்னால் வருபவர் பார்வையில் இது சரி. ஒரே விஷயம் ஆயிரம் இடத்தில் அரைகுறையாகச் சிதறிக் கிடப்பதைவிட ஒரே இடத்தில் முழுமையாக இருப்பது நல்லது. மூடப்பட்டவையும் வீணல்ல, வெவ்வேறு சொற்களில் தேடுவோரை ஒரே இடத்துக்குக் கொண்டுசேர்க்கின்றன.

கேட்டவர் பக்கம் போய் நின்று பாருங்கள். அவருக்கு வேண்டியது அந்தப் பிழையின் விளக்கம் அல்ல. தன் 60 வரியில் எந்த மாறி காலியாக இருக்கிறது என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கும் முறை அந்தப் பழைய பதிலில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த முறையைத் தானே பயன்படுத்தத் தெரிந்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார். இதைப் புரிந்துகொண்ட மூத்த பயனர்கள் சிலர், மூடுவதற்கு வாக்களித்த கையோடு, "23-ஆம் வரியில் உங்கள் மாறிக்கு மதிப்பே தரவில்லை, பாருங்கள்" என்று ஒரு வரிக் கருத்துரையும் எழுதினார்கள். கேட்டவருக்கு விடை கிடைத்தது, சேகரமும் சுத்தமாக இருந்தது. எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிடம் கூடுதல். ஆனால் இது விதியாகவில்லை. அந்த அரை நிமிடத்துக்கும் புள்ளி கிடையாது.

திருத்தங்களையும் மூடல் வாக்குகளையும் புதியவர்களின் முதல் பதிவுகளையும் சரிபார்க்க மதிப்பாய்வு வரிசைகள் உண்டு. இத்தனை சரிபார்த்தால் இன்ன பதக்கம் என்று வைத்தார்கள். பதக்கம் நெருங்க நெருங்க மக்கள் அந்த வேலையைக் கூடுதலாகச் செய்வார்கள், பதக்கம் கிடைத்ததும் குறைத்துக்கொள்வார்கள் என்று 2013-ல் ஆண்டர்சன் குழுவின் இன்னொரு ஆய்வு இதே தளத்தின் தரவைக் கொண்டு காட்டியது. மதிப்பாய்வில் அது எப்படி வெளிப்பட்டது என்றால், சிலர் படிக்காமலே ஒப்புதல் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனார்கள். இதைப் பிடிக்க வரிசைக்குள் சோதனைப் பதிவுகளைக் கலந்துவைத்தார்கள்: அப்பட்டமாக மோசமான ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தால், கவனமில்லை என்று எச்சரிக்கை வரும், மீண்டும் மீண்டும் தவறினால் சில நாள் மதிப்பாய்வு உரிமை போகும். ஓரளவு பயன்பட்டது. ஆனால் அப்பட்டமான குப்பையைத்தான் சோதனை பிடிக்கும். தவறான பொருளைச் சேர்க்கும் நாசூக்கான திருத்தத்தைக் கண்டுபிடிக்க அந்தத் துறை தெரிந்தவர் நின்று படிக்க வேண்டும்.

அப்படி யாரும் நின்று படிக்காததால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2010-ல் ஒரு ஜாவா நிரலாளர், பைட் எண்ணிக்கையை மனிதர் படிக்கும்படி கேபி, எம்பி என்று மாற்றித் தரும் சிறு நிரல்துண்டைப் பதிலாக எழுதினார். சுருக்கமானது, அழகானது, ஓட்டுகள் குவிந்தன. 2018-ல் ஜெர்மானிய ஆய்வாளர் செபாஸ்டியன் பால்டெஸ் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் திட்டங்களுக்குப் போன ஜாவா நிரல்துண்டுகளை ஆராய்ந்தபோது, அதிகம் நகலெடுக்கப்பட்டது அதுதான் என்று தெரிந்தது. எழுதியவர் மகிழ்ச்சியோடு தன் பழைய பதிலைத் திரும்பிப் பார்த்தார். அதில் பிழை இருந்தது. 9,99,999 பைட்டைக் கொடுத்தால் 1.0 எம்பி என்று வர வேண்டும், 1000.0 கேபி என்று வந்தது. எந்த அலகு என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அதன்பிறகு எண்ணை முழுமையாக்குவதால் வந்த பிழை. அவர் அதைத் திருத்தி, நடந்ததை 2019-ல் விரிவாக எழுதினார். பதில் திருந்திவிட்டது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கான இடங்களுக்குப் போய்விட்ட நகல்களைத் தளத்தில் செய்யும் எந்தத் திருத்தமும் எட்டாது.

ஓட்டு என்பது பிடித்திருக்கிறது என்பதற்கான சாட்சி, சரியாக இருக்கிறது என்பதற்கானது அல்ல. திருத்தும் உரிமை பெற்ற எத்தனையோ பேர் அந்தப் பதிலைப் பார்த்திருப்பார்கள். எவரும் 9,99,999-ஐப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

திருத்தாமல் விடுவதும் சில நேரம் திருத்துபவரின் கடமை. இணையப் பக்கங்களின் எச்டிஎம்எல் குறிகளை, எழுத்துகளை வடிவம் பார்த்துத் தேடும் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' கொண்டு பிரித்தெடுப்பது பற்றி 2009-ல் வந்த கேள்விக்கு ஒருவர் எழுதிய பதில், நிதானமாகத் தொடங்கி, போகப்போகப் பித்துப்பிடித்த ஓலமாக மாறி, எழுத்துகளே கோணல்மாணலாக மேலும் கீழும் வழிந்து முடியும். விதிப்படி பார்த்தால் அது மோசமான பதில். பல முறை பலர் அதைச் 'சரிசெய்ய' முயன்றார்கள். மட்டுறுத்துநர்கள் பதிவைப் பூட்டி, இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் வைத்தார்கள். அந்த ஓலத்தைப் படித்தவர் அந்தத் தவறை வாழ்நாளில் செய்யமாட்டார். இலக்கணம் பார்த்துத் திருத்தியிருந்தால் அந்த வேகம் செத்திருக்கும்.

மட்டுறுத்துநர்கள் என்போர் பயனர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு வைரச் சின்னம் இருக்கும். சம்பளம் கிடையாது. அன்றாட வேலையைச் சமூகமே பார்த்துக்கொள்ளும், அதனால் முடியாத விதிவிலக்குகளுக்கு மட்டும் இவர்கள் வர வேண்டும் என்பதே அட்வுட் 2009-ல் எழுதிய கொள்கை. போலிக் கணக்குகளால் தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொள்பவர், அடுத்தவர் பதிலைத் தன்னுடையதாக ஒட்டுபவர், கோபத்தில் தன் பதில்களையெல்லாம் அழிக்கத் தொடங்குபவர் என்று வெளியே தெரியாத சங்கதிகள் அவர்கள் மேசைக்கு வரும். திரும்பிப் பேச முடியாத வேலை அது. ஒருவரை ஏன் தடைசெய்தோம் என்பதை அவர் பொதுவெளியில் திட்டும்போதும் சொல்லக் கூடாது.

புதியவர்களை இத்தளம் அடித்துத் துரத்துகிறது என்ற குற்றச்சாட்டு 2010-களின் நடுவிலேயே பரவலாகிவிட்டது. அது வெறும் மனக்குறை அல்ல. பெண்கள் பங்கேற்கத் தயங்குவது ஏன் என்று டெனே ஃபோர்டு முதலானோர் 2016-ல் ஆராய்ந்தபோது, தளத்தின் பிரம்மாண்டமே அச்சுறுத்துவது, தன் தகுதி போதாது என்ற எண்ணம் போன்ற தடைகள் வெளிப்பட்டன. 2018 ஏப்ரலில் நிறுவனமே, எங்கள் தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. அந்த ஆகஸ்டில் புதியவர் பெயரருகே ஓர் அடையாளம் வந்தது. நடத்தை விதிகள் மாற்றி எழுதப்பட்டன.

அந்த அறிக்கை வேண்டியதுதான். ஆனால் மருந்தைத் தவறான இடத்தில் தடவினார்கள். கனிவாகப் பேசுங்கள் என்று, தினம் நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கூலியில்லாமல் உட்கார்ந்து சுத்தம் செய்துகொண்டிருந்தவர்களிடம் சொன்னார்கள். மாதம் 2 லட்சத்தை நெருங்கிய கேள்விகளைச் சில ஆயிரம் பேர் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சுமையைக் குறைக்கும் கருவிகள் வரவில்லை. ஒருவர் அன்று பார்க்கும் 40-ஆவது 'அவசரம்' அது; கேட்டவருக்கோ வாழ்க்கையில் முதல் கேள்வி. இருவருமே நல்லவர்களாக இருக்கலாம். இயந்திரம்தான் அவர்களை இப்படி எதிரெதிரே நிறுத்தியது. புதியவரின் கேள்வியை முதலில் தனி அரங்கில் வைத்து, ஓட்டும் மூடலும் இல்லாமல், அனுபவசாலிகள் சொல்லச் சொல்லத் திருத்தி, பிறகு பொதுவில் வெளியிடும் 'ஸ்டேஜிங் கிரவுண்ட்' ஏற்பாடு 2024-ல்தான் முழுமையாக வந்தது. அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது.

2021-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ப்ரோசஸ் நிறுவனம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை 180 கோடி டாலருக்கு வாங்கியது. 2022 நவம்பர் 30 அன்று, கேட்டதற்கு எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி வெளியானது. ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 5 அன்று, அதைக் கொண்டு எழுதிய பதில்களை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தற்காலிகமாகத் தடைசெய்தது. பதில்கள் பார்க்க நன்றாக இருக்கின்றன, அடிக்கடி தவறாக இருக்கின்றன, எழுத எந்த உழைப்பும் வேண்டியதில்லை என்பதே காரணம். மூன்றாவதுதான் முக்கியம். தவறான பதில் எழுத மனிதருக்குப் பத்து நிமிடமாவது ஆகும். தவறு என்று கண்டறிய இன்னொருவருக்குப் பத்து நிமிடம். அந்தச் சமநிலையில்தான் தளம் ஓடியது. இப்போது எழுதப் பத்து நொடி. சரிபார்க்க அதே பத்து நிமிடம், இல்லையென்றால் அதற்கும் மேல், ஏனென்றால் தவறு நல்ல நடைக்குள் ஒளிந்திருக்கிறது. பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 517 ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்விகளுக்குச் சாட்ஜிபிடி தந்த பதில்களைப் பிரித்துப் பார்த்தபோது 52 சதவீதத்தில் தவறான தகவல் இருந்தது. சோதனையில் பங்கேற்றவர்கள் 39 சதவீத நேரம் அதைக் கவனிக்கவில்லை.

2023 மே மாத இறுதியில் நிறுவனம் மட்டுறுத்துநர்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது: இயந்திரம் எழுதியது என்ற சந்தேகத்தின் பேரில் பதிவுகளை நீக்குவதையும் ஆட்களைத் தடைசெய்வதையும் ஏறக்குறைய நிறுத்திவிடுங்கள். கண்டறியும் கருவிகள் நம்பத்தக்கவை அல்ல, நேர்மையாக எழுதியவர்களும் தண்டிக்கப்படுகிறார்கள் என்றது நிறுவனம். கருவிகளைப் பற்றி அது சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் மட்டுறுத்துநர்கள் கருவியை மட்டும் நம்பியிருக்கவில்லை. நேற்றுவரை உடைந்த ஆங்கிலத்தில் எழுதியவர் இன்று ஒரு மணி நேரத்தில், தொடர்பில்லாத ஐந்து மொழிகளைப் பற்றிப் பளபளப்பான நீண்ட பதில்களை வரிசையாக இடுகிறார் என்றால், அதைப் பார்க்கப் பழகிய கண் போதும். மேலும், தங்களுக்கு ரகசியமாகச் சொல்லப்பட்ட உத்தரவும் பொதுவில் வெளியிடப்பட்டதும் வேறுவேறாக இருந்தன என்று அவர்கள் குற்றம் சாட்டினார்கள்.

ஜூன் 5 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளமில்லாத வேலைக்கு வேலைநிறுத்தமா என்று சிலருக்குத் தோன்றலாம். அவர்கள் நிறுத்தியது எதை என்று பார்த்தால் புரியும். பயனர்கள் புகாராகக் கொடியிட்ட பதிவுகளைப் பார்ப்பதை நிறுத்தினார்கள், மதிப்பாய்வு வரிசைகளைத் தொடவில்லை. 'சார்கோல்' என்ற தன்னார்வக் குழு, விளம்பரக் குப்பைகளைச் சில நொடிகளில் மோப்பம் பிடித்து அகற்ற உதவும் ஸ்மோக் டிடெக்டர் என்ற தானியங்கியை நடத்திவந்தது, அதையும் நிறுத்தினார்கள். ப்ரோசஸ் பணம் கொடுத்து வாங்கிய தளத்தின் துப்புரவுப் பணியில் பெரும்பகுதி ஊழியரல்லாதவர்களின் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. வேலைநிறுத்தம் ஆகஸ்ட் 7 வரை நீடித்தது. தங்கள் கண்ணால் கண்ட அறிகுறிகளைக் கொண்டு முடிவெடுக்கும் உரிமையை மட்டுறுத்துநர்கள் பேச்சுவார்த்தையில் திரும்பப் பெற்றார்கள். தளத்தின் முழுத் தரவையும் பொதுமக்கள் இறக்கிக்கொள்ளும் வசதி தொடரும் என்ற உறுதியையும்.

அந்தத் தரவுதான் இப்போது எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. கேள்வியும் பதிலும் தெளிவாகப் பிரிந்து, ஓட்டால் தரம் பிரிக்கப்பட்டு, பலர் கையால் திருத்தப்பட்ட எழுத்து இவ்வளவு பெரிய அளவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. 2024 மே மாதம் நிறுவனம் அதைத் தர, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் செய்தபோது, சிலர் எதிர்ப்பாகத் தங்கள் பதில்களை அழிக்கவும் மாற்றவும் முயன்றார்கள். மட்டுறுத்துநர்கள் அவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பி, அவர்களைச் சில நாள் தடைசெய்தார்கள். உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, விதிப்படி சரி. பின்னால் வருபவருக்காக எழுதியது என்ற கொள்கைப்படியும் சரி. ஆனால் எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த 'பின்னால் வருபவர்' இன்னொரு மனிதர். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்ததும் ஒப்பந்தமே மாறிவிட்டதாக அவர்கள் உணர்ந்ததை நான் குறைசொல்ல மாட்டேன்.

சாட்ஜிபிடி வந்து ஆறு மாதத்துக்குள் தளத்தின் செயல்பாடு சுமார் 25 சதவீதம் குறைந்ததாக 2024-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதன்பிறகும் சரிவு நிற்கவில்லை. குறைந்தது நகல் கேள்விகள் மட்டும் அல்ல, எல்லாத் தரத்துக் கேள்விகளும்தான். கேட்பவருக்கு இப்போது திட்டாத, மூடாத, பொறுமையிழக்காத ஒரு பெட்டி கிடைத்துவிட்டது. அங்கே அவர் கேட்பதும் பெறுவதும் அவரோடு முடிந்துவிடுகின்றன. அது தவறாகச் சொன்னால் கீழே கருத்துரை எழுத இன்னொருவர் இல்லை.

கேள்விகள் குறைவதால் திருத்தும் வேலை குறையும் என்று நினைத்தால் அது பிசகு. 2 கோடிக்கு மேற்பட்ட கேள்விகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. அவை ஒவ்வொரு நாளும் பழசாகிக்கொண்டிருக்கின்றன. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. பிரின்ட் கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய பழைய பதில்கள் இன்றைய பைத்தானில் பிழை தரும். கேட்டவர் 2009-ல் ஏற்றுக்கொண்டார் என்பதற்காக எப்போதும் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருந்த பதில்களை 2021-ல்தான் அங்கிருந்து இறக்கி, ஓட்டுக்கு ஏற்ற இடத்தில் வைத்தார்கள். பாதுகாப்பு ஓட்டை உள்ள கடவுச்சொல் நிரல்கள், கைவிடப்பட்ட நூலகங்களைப் பரிந்துரைக்கும் பதில்கள், செத்துப்போன இணைப்புகள் எல்லாம் யாராவது ஒருவர் திறந்து, ஓட்டிப் பார்த்து, மேலே ஒரு குறிப்பு எழுதக் காத்திருக்கின்றன. மனிதரும் இயந்திரமும் ஒருசேர இவற்றைத்தான் படிக்கிறார்கள். அந்தத் திருத்தத்துக்கு இன்றும் 2,000 புள்ளிக்குக் கீழே உள்ளவருக்கு 2 புள்ளி. அதற்கு மேலே உள்ளவருக்கு ஒன்றுமில்லை.